பத்தொன்பது அடி

தெருமுனையில் லூனா அணையும்.
உடனே ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால்
அன்றைக்குச் சோறு உண்டு, வீட்டுப்பாடம் உண்டு.
கேட்காமல், வண்டி சுவரில் உரசிச் சாய்ந்தால்
தம்பியைப் பாயோடு சுருட்டி
மேல்மாடி சகாயமேரி அக்கா வீட்டில்
தள்ளிவிட்டு வர வேண்டும்.
அப்பா ஏறி வர இருபத்தேழு படி.
எனக்கிருந்த அவகாசம் அவ்வளவுதான்.

கன்னிகாபுரம் ஹவுசிங் போர்டு.
நிர்வாகம் படித்தது அங்கேதான்.

விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணி லாரி.
ஒரு குழாய், நாற்பத்திரண்டு குடம்.
வரிசை எழுதும் நோட்டு என் கையில்.
நான் யார் பக்கமும் சாயமாட்டேன் என்று
சண்டைபோட்ட பெண்களே கொடுத்த நோட்டு.
உண்மையில் எனக்கு எல்லோரிடமும் பயம்.
பன்னிரண்டு வயதில் அதற்கு
நேர்மை என்று பெயர் வைத்தார்கள்.
உடைந்த செருப்பும் ஒரு ஆள்தான்,
செங்கல்லும் ஒரு ஆள்தான்.
காய்ச்சல் கண்ட வீட்டுக் குடத்தை மட்டும்
யாரும் பார்க்காதபோது
காலால் முன்னே நகர்த்துவேன்.

இப்போது ஐம்பத்தொன்று.
டெப்போவில் அறுபது லாரி, நூற்றுச் சொச்சம் ஆட்கள்.
டிரைவர் தணிகாசலம் கதவை அறையும் விதத்தில்
அவன் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை என்று தெரியும்.
வாய் திறக்கும் முன்னே அட்வான்ஸ் எழுதிவிடுவேன்.
மேடத்துக்கு மனசு என்கிறார்கள்.
மனசில்லை, காது.
ராத்திரி முழுக்க விழித்திருந்து பழகிய காது.

போன மே மாதம் ஒரு வியாழன்.
சூளைப் பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போக வேண்டிய லாரி
ஓட்டேரிப் பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனது.
இந்த ஊரில் பிள்ளையாருக்கா பஞ்சம்?
பதினொரு மணிக்கே ஏகவல்லிக்குத் தெரிந்திருக்கிறது.
நாலு மணிவரை
அந்தத் தப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள், அடைகாப்பதுபோல.
சூளையில் சனங்கள் குடத்தோடு
வெயிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
லூனாவில் வந்து இறங்கும் குரல்.

"சொல்லத்தான் எந்திரிச்சேன் மேடம்.
வராந்தாவுல உங்க செருப்பு வேகமாக் கேட்டுச்சு.
உக்காந்துட்டேன்."

எல்லோரும் போன பிறகு
என் அறையிலிருந்து அவள் மேசைவரை
நடந்து எண்ணினேன்.
பத்தொன்பது அடி.
அப்பா கொடுத்ததைவிட எட்டு குறைவு.

மன்னிப்பு என்ற சொல்
எங்கள் பிளாக்கில் புழங்கியதில்லை.
எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.
அன்றிரவு லாரியில் அவளையும் ஏற்றிக்கொண்டு
சூளைக்குப் போனேன்.
தெருவே திட்டியது.
நான் முன்னால் நின்றேன், அவளைப் பின்னால் நிறுத்தி.
குழாய்க்கருகே யாரோ இடம் பிடித்து வைத்த
செங்கல் ஒன்று கிடந்தது.
குனிந்து அதற்குரியவர் யாரென்று கேட்டபோதுதான்
தொண்டை அடைத்தது.

மறுவாரம் மேசையைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னேன்.
ஏ.சி. ஒழுகுகிறது என்று ஃபைலில் எழுதினேன்.
ஏ.சி. நன்றாகத்தான் இருக்கிறது.
குரல் இன்னும் சிலநாள் எகிறத்தான் செய்கிறது;
ஐம்பது வருடத்து ஈரம்
ஒரு மேசையை நகர்த்தினால் காயுமா?

நேற்று ஏகவல்லி எழுந்து வந்தாள்.
"மேடம், இன்னொரு தப்பு."
கையில் சீட்டு நடுங்கியது, ஆனாலும் வந்துவிட்டாள்.
உட்காரு என்றேன்.

வெளியே யாரோ வண்டியை நிறுத்தினார்கள்.
ஸ்டாண்டு விழும் சத்தம் கேட்கும்வரை
இருவருமே
தலை நிமிர்த்திக் காத்திருந்தோம்.